சிங்கப்பூரில் முதல் வருடம்: தனி அறையா, கூட்டு வீடா, சித்தி வீடா?

எஸ் பாஸ் என்கிற சிங்கப்பூர் வேலை அனுமதி கிடைத்து டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்றால், கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி பக்கத்து வீடுகளில் அடுத்து ஓடுகிற பேச்சு, பையன் அங்கே எங்கே தங்குவான் என்பதுதான். மாமா ஒருவர், "நம் ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள், அதில் ஓர் இடம் காலியாகிறது" என்பார். அம்மா, "சித்தி வீடு இருக்கும்போது வாடகை எதற்கு?" என்பார். பையன் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் ஒன்றைக் காட்டி, இதுதான் மலிவு என்பான். பெரும்பாலும் இந்த மூன்றுமே சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளாகத்தான் இருக்கும். வீவக என்று அங்கே சுருக்கிச் சொல்வார்கள். அந்த வீடுகளில் யார் தங்கலாம், எத்தனை பேர் தங்கலாம், எந்த அறையில், எவ்வளவு காலம் என்பதற்கெல்லாம் எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. வாடகையைப் பார்ப்பதற்கு முன் அந்த விதிகளைப் பார்த்து முடிவெடுங்கள் என்பது என் கட்சி.

அங்கே சில காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், "அண்ணாச்சி, எது தேவலை?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். முதல் முறை போகிற, கல்யாணமாகாத, எஸ் பாஸ் வைத்திருக்கிற பையனை மனத்தில் வைத்து எழுதியது இது. மற்றவர்களுக்கு எங்கே மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் அரசு கட்டிய வீடு என்றதும் வாரியக் குடியிருப்பு நினைவுக்கு வரும். அந்தப் படத்தை முதலில் அழித்துவிட வேண்டும். வீவக 1960-ல் தொடங்கியது. இன்று அந்த நாட்டில் நிரந்தரமாக வசிப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்கள் அது கட்டிய அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். வாத்தியார், டாக்ஸி ஓட்டுநர், பேங்க் அதிகாரி எல்லாரும் ஒரே புளோக்கில் குடியிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளைக் குடிமக்கள் 99 ஆண்டுக் குத்தகையில் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். ஆகவே வாடகை வாங்குகிறவர் ஒரு தனி மனிதர். ஆனால் அவர் தன் வீட்டை யாருக்கு, எப்படி விடலாம் என்று தீர்மானிப்பது கழகம். வீட்டுக்காரரும் நாமும் பேசி முடித்துவிட்டால் போதும் என்கிற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது.

அறைக் கணக்கிலும் ஒரு குழப்பம் வரும். அங்கே "4 அறை வீடு" என்றால் ஹாலையும் ஓர் அறையாகச் சேர்த்துச் சொல்வது, படுக்கையறை மூன்றுதான். "3 அறை வீடு" என்றால் படுக்கையறை இரண்டு. புதிதாகக் கட்டப்படும் 4 அறை வீடு ஏறக்குறைய 90 சதுர மீட்டர் இருக்கும். நம் கணக்கில் 970 சதுர அடி, இரண்டே கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. "நாலு ரூம் வீடு, எட்டுப் பேர், ரூமுக்கு ரெண்டு பேர்" என்று மாமா கணக்குப் போட்டால் ஒரு ரூம் இடிக்கும். நாலாவதாக அவர் எண்ணுவது ஹாலை. ஹாலில் ஆளைப் படுக்கப் போட்டு வாடகை வாங்க அனுமதி கிடையாது. கழகம் படுக்கையறையாகக் கட்டிய அறையை மட்டும்தான் வாடகைக்கு விடலாம். பலகை வைத்து ஒன்றை இரண்டாகத் தடுக்கவும் கூடாது.

ஆள் வரம்பு இதுதான். 1 அறை, 2 அறை வீடுகளில் 4 பேர். 3 அறை வீட்டில் 6 பேர். அதற்கு மேல் பெரிய வீடுகளில் ஒரு காலத்தில் 9 பேர்வரை விட்டார்கள். 2018 மே மாதம் அதை 6 ஆகக் குறைத்தார்கள். பிறகு வாடகை வீடுகளுக்குத் தட்டுப்பாடு வந்ததால், 2024 ஜனவரி 22 முதல் 4 அறை மற்றும் அதற்கும் பெரிய வீடுகளில் ஒருவருக்கொருவர் உறவில்லாத 8 பேர்வரை இருக்கலாம் என்று தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். முதலில் அறிவித்த கெடு 2026 டிசம்பர் 31. தற்காலிகம் என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள், கூட்டு வீட்டுக் கணக்கு அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு இருந்துகொண்டு அறையை மட்டும் விட்டால், அந்தக் குடும்பத்தின் தலைகளும் இந்த எண்ணிக்கையில் சேரும்.

இன்னும் மூன்று விதி. எந்த வாடகையும் 6 மாதத்துக்குக் குறையக் கூடாது. வாடகைக்கு வருகிறவரின் பாஸில், வீட்டுக்காரர் அனுமதி கேட்கும் தேதியில் 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு தடவையில் 2 வருடத்துக்கு மேல் அனுமதி கிடையாது. "மாசா மாசம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அவர் கழகத்துக்குத் தெரியாமல் விடுகிறார் என்று அர்த்தம்.

இனி ஒவ்வொன்றாக.

சித்தி வீடு

கடையநல்லூர், தென்காசிக்காரர்களுக்குச் சிங்கப்பூரில் உறவு இல்லாமல் இருப்பது அபூர்வம். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தாத்தா காலத்திலேயே குடியேறியவர்களின் பேரன் பேத்திகள் இன்று அந்த நாட்டுக் குடிமக்களாகத் தீவு முழுக்கப் பரவி இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் விருந்தாளியாக ஒரு வாரம், இரண்டு வாரம் இருப்பதில் ஒரு தவறும் இல்லை. சொல்லப்போனால் முதல் இரண்டு வாரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை. ஏன் என்று பின்னால் வரும்.

ஒரு வருடம் இருப்பது வேறு கதை. பணம் வாங்காமல் வைத்துக்கொண்டால் சித்திக்குச் சிரமம், பணம் கொடுத்தால் அது வாடகை. வாடகை என்று ஆனதும் அனுமதி, பதிவு எல்லாம் வேண்டும். "மாசம் இருநூறு வெள்ளி கரண்டு, தண்ணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்து (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர்), இதை வாடகை என்று எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால், பதில் சொல்ல வேண்டியது அந்த நாட்டில் காலமெல்லாம் வாழப்போகிற சித்தி. உறவினர் இருப்பது வீவகவின் வாடகை வீடாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஏழைக் குடிமக்களுக்கு அரசே குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் சின்ன வீடுகள் அவை. உள்வாடகைக்கு ஆள் வைப்பது அறவே கூடாது. அவர் வீடே பறிபோகும்.

சட்டத்தை விடுங்கள். 3 அறை வீட்டில் சித்தி, சித்தப்பா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஒரு பாட்டி. இரவு பத்து மணிக்கு மேல் ஷிப்ட் முடிந்து வருகிற பையன் சோபாவில்தான் படுக்க வேண்டும். எல்லாரும் தூங்கினால்தான் சோபா காலியாகும், எல்லாரும் எழுவதற்கு முன் மடித்து வைக்க வேண்டும். நாலாவது மாதம் சித்தி தொலைபேசியில் அம்மாவிடம் ஒரு வார்த்தை குறைவாகப் பேசுவார். அந்த ஒரு வார்த்தை ஊரில் இரண்டு கல்யாண வீடுகள் தாண்டியும் தீராது.

வீட்டுக்காரரோடு, ஓர் அறை

முதல் வருடத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். அதற்காக இதில் சுகம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு ஒன்றோ இரண்டோ அறைகளை விடுவது இந்த முறை. அவர் உண்மையிலேயே அங்கே வசிக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவைத்துவிட்டு, தானும் இருப்பதாகக் காட்டி முழு வீட்டையும் ஆட்களுக்கு விடுவது அங்கே பிடிபடுகிற பழைய தந்திரம். அறை பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரின் செருப்பு வாசலில் இருக்கிறதா, சமையலறையில் அவருடைய அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். நான் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குடித்தனம் நடக்கிற சமையலறைக்கு ஒரு முகம் உண்டு. பாதி தீர்ந்த சாஸ் பாட்டில், காந்தத்தில் ஒட்டிய பள்ளிக்கூட அட்டவணை, காயப்போட்ட பாத்திரத் துணி இருக்கும். ஆள் இல்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் தட்டுக்குத் தட்டு பெயர் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும்.

இந்த முறையின் பெரிய பலம், பொறுப்பு எல்லாம் வீட்டுக்காரர் மேல் இருக்கிறது என்பது. அனுமதி வாங்குவது அவர் வேலை. உங்கள் பாஸின் அசலைப் பார்த்துச் சரிபார்ப்பதும் அவர் கடமை. உங்களோடு இருக்கும் மற்றவர்கள் வாடகை கொடுக்காவிட்டால் அது உங்கள் தலையில் விழாது. வேலை ஒத்துவராமல் வேறு கம்பெனிக்கு மாறினால் நீங்கள் முடிக்க வேண்டியது ஓர் அறையின் ஒப்பந்தம் மட்டும். வெளிநாட்டவர் ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறதே, கீழே சொல்கிறேன், அது அறை வாடகைக்குக் கிடையாது.

பலவீனம் சமையல். "சமையல் கூடாது", "லேசான சமையல் மட்டும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். லேசான சமையல் என்றால் நூடுல்ஸ், முட்டை, சுடுதண்ணீர். கருவாடு பொரிப்பதும் மீன் குழம்பு கொதிப்பதும் அதில் வராது. நெல்லைப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் வாடகையில் மிச்சம் பிடித்தது உணவுக் கடையில் போய்விடும். நோன்பு வைக்கிறவர்களுக்கு விடியும் முன் சஹர் சாப்பாட்டுக்கு அடுப்பைத் தொட முடியுமா என்பது முதலிலேயே பேச வேண்டிய விஷயம். தமிழ், மலாய்க் குடும்பங்கள் வீட்டுக்காரராக இருந்தால் இது எளிதாக முடியும். அங்கிருக்கும் உறவினரிடம் தங்க இடம் கேட்பதைவிட, சமையலுக்கு ஒத்துக்கொள்கிற ஒரு வீட்டுக்காரரைத் தேடித் தரச் சொல்வதே பெரிய உதவி. ஏசி இரவு மட்டும், விருந்தினர் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை துவையல் என்றெல்லாம் இருக்கும், அவற்றோடு வாழ்ந்துவிடலாம்.

"இந்தியர்களுக்கு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விளம்பரத்திலேயே போட்டு அங்கே பத்திரிகைகளில் விவாதமான சமாசாரம் இது. பாளையங்கோட்டையில் "பேச்சிலருக்கு இல்லை", சில தெருக்களில் அதற்கும் மேலே சாதி கேட்பது என்றெல்லாம் பழகிய நமக்கு இது புதிதாக வலிக்க நியாயமில்லை, ஆனாலும் வலிக்கும்.

அறையைத் தனியாக எடுப்பதா, இருவராகப் பகிர்வதா? காசுக்கு இருவர் நல்லது. ஆனால் ஊர்ப் பாசத்தைப் பார்த்துக் கூட்டாளியைச் சேர்க்காதீர்கள், வேலை நேரத்தைப் பார்த்துச் சேருங்கள். அந்த அரசாங்கமே இதில் பட்டுத் தெளிந்திருக்கிறது. தனியாளான ஏழைக் குடிமக்களுக்கு, இருவருக்கு ஒரு வாடகை வீடு என்று அவர்கள் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். 1 அறை வீடு என்றால் தனிப் படுக்கையறையே கிடையாது. அதில் உறவில்லாத இருவர். கூட்டாளியை விண்ணப்பதாரரே தேடிக்கொண்டு வர வேண்டும் என்று வெகுகாலம் இருந்தது. ஆள் கிடைக்காமலும், கிடைத்த ஆளோடு ஒத்துப்போகாமலும் பலர் தவித்தார்கள். 2021 கடைசியில் தொடங்கிய சோதனைத் திட்டத்தில்தான், தனியாக விண்ணப்பித்தால் போதும், பொருத்தமான கூட்டாளியைத் திட்டத்தை நடத்தும் அமைப்பே சேர்த்துவிடும் என்று மாற்றினார்கள். ஒரு அறைக்குள் இரண்டு பேரை அடக்குவதில் சதுர அடி கடைசிப் பிரச்சினை. ஒருவர் ஐந்து மணிக்கு அலாரம் வைப்பவர், மற்றவர் இரண்டு மணிக்கு வீடு திரும்புபவர் என்றால் எந்த நட்பும் தாங்காது.

செலவில் வீட்டார் கணக்கில் எடுக்காத ஒன்று முத்திரைத் தீர்வை. ஒரு பேச்சுக்கு மாதம் 800 வெள்ளிக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாடகை 9,600. நான்கு வருடத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்குத் தீர்வை 0.4 சதவீதம், ஆக 38 வெள்ளி சொச்சம். வழக்கமாக வாடகைக்கு வருகிறவர்தான் கட்டுவார். கையெழுத்துப் போட்டு 14 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். ஏஜெண்ட் மூலம் போனால் கமிஷன் தனி. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத அட்வான்ஸ் என்பது அங்கே வழக்கம். இந்த 38 வெள்ளியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். தகராறு என்று வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் அந்தத் தீர்வை கட்டிய ஒப்பந்தம்தான்.

ஊர்ப் பிள்ளைகளின் கூட்டு வீடு

மாமா சொல்கிற யோசனை. இதன் கவர்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையில் சோறு, யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்க ஆள், நெல்லைப் பேச்சு. வெளிநாட்டில் முதல் தீபாவளி, முதல் பெருநாள் எல்லாம் கூட்டு வீட்டில் இருந்தால் தாங்கிவிடும்.

கணக்கும் நன்றாகத்தான் தெரியும். பேச்சுக்கு 4 அறை வீட்டுக்கு மாதம் 3,200 வெள்ளி என்றால், எட்டுப் பேருக்குத் தலைக்கு 400. அந்த 8 பழையபடி 6 ஆனால் தலைக்கு 533. வாடகை ஒரு காசு ஏறாமலே உங்கள் பங்கு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும், அல்லது இரண்டு பேர் வெளியேற வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் வெளியேறுவான் என்பது கூட்டு வீட்டு நியாயம், உங்கள் பையன்தான் கடைசியாகச் சேர்கிறவன். ஆகவே "எட்டுப் பேர்" என்ற சொல் காதில் விழுந்ததும், தளர்வு எந்தத் தேதிவரை இருக்கிறது என்பதைக் கழகத்தின் இணையப் பக்கத்தில் அன்றே பாருங்கள். வீட்டுக்காரர் எட்டுப் பேருக்கு அனுமதி வாங்கியிருக்கிறாரா, ஆறு பேருக்கு வாங்கிவிட்டு இரண்டு பேரை மறைத்து வைத்திருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

முழு வீட்டை எல்லா உரிமையாளரும் விடவும் முடியாது. குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரவாசிக்கு, அதாவது குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவருக்கு, அந்த உரிமை கிடையாது. வாங்கிய வீட்டில் குறைந்தது 5 வருடம் தான் குடியிருந்திருக்க வேண்டும். அதோடு, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீடு விடுவதற்கு ஒதுக்கீடு இருக்கிறது: ஒரு வட்டாரத்தில் 8 சதவீத வீடுகள், ஒரு புளோக்கில் 11 சதவீத வீடுகள். அந்த அளவு நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் விரும்பினாலும் இந்தியருக்கு விட முடியாது. பிள்ளைகள் வேலைக்கு வசதியான இடத்தில் நல்ல வீடு பார்த்து, அட்வான்ஸ் பேசி, கடைசியில் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்று திரும்பியிருக்கிறார்கள். அப்படித் திரும்புகிறவர்களில் சிலர்தான், அறையாகப் பதிவு செய்துவிட்டு முழு வீட்டில் இருக்கும் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். முன்னால் சொன்ன பூட்டிய அறைத் தந்திரம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

எனக்கு இதில் பெரிய பயம் கையெழுத்து. ஒப்பந்தத்தில் இரண்டு பேரோ மூன்று பேரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மற்றவர்கள் குடியிருப்போர் என்று மட்டும் இருப்பார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்கு வேலை போய் ஊர் திரும்பினால், மீதி வாடகை மிச்சமிருக்கும் கையெழுத்துகளின் தலையில். வேலை போனால் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்கிற ஷரத்தை நீண்ட ஒப்பந்தங்களில் சேர்ப்பார்கள். அதுவும் சாதாரணமாக முதல் 12 மாதம் கழிந்த பிறகுதான் உதவும். முதல் வருடத்தில் வேலை நிலைக்குமா என்பதே தெரியாத பையனைக் கையெழுத்துப் போடச் சொல்வது அநியாயம். கையெழுத்துப் போடாமல் சேர்ந்தால், கையெழுத்துப் போட்டவர்கள் கோபித்துக்கொண்ட அன்று வெளியேறச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கும்.

ஆகவே கூட்டு வீடு வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, இரண்டாம் வருடம் போகச் சொல்கிறேன். வேலை உறுதியாகி, யார் மாதம் ஒன்றாம் தேதி காசு கொடுக்கிறான், யார் பத்தாம் தேதி கொடுக்கிறான் என்று தெரிந்த பிறகு போகலாம். அப்போதும் ஒப்பந்தத்தில் பெயர் இருக்க வேண்டும், கழகத்தின் அனுமதியிலும் பெயர் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதாது.

வாட்ஸ்அப் விளம்பரம்

பையன் காட்டிய விளம்பரம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "காமன் ரூம், மூன்று பேர், ஒரு இடம் காலி. எம்ஆர்டி அருகில். சமையல் உண்டு. வைஃபை உண்டு. முகவரி பதிவு இல்லை." காமன் ரூம் என்பது குளியலறை ஒட்டாத சாதாரணப் படுக்கையறை, எம்ஆர்டி என்பது மெட்ரோ ரயில். வாடகை மற்றதைவிடக் குறைவு, சமையலும் உண்டு. கண் அங்கேயே நின்றுவிடும். படிக்க வேண்டியது கடைசி மூன்று சொற்கள்.

முகவரி பதிவு இல்லை என்றால் உங்கள் பெயரைக் கழகத்திடம் சொல்ல மாட்டோம் என்று பொருள். சொன்னால் ஆள் வரம்பு மீறும், அல்லது ஹாலில் படுக்கை இருப்பது தெரியும், அல்லது விளம்பரம் போட்டவரே அங்கே வாடகைக்கு இருப்பவர். வாடகைக்கு இருப்பவர் அதை மறுபடி இன்னொருவருக்கு விடக் கூடாது. துபாயில் படுக்கைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பழகிய மேலப்பாளையத்துக்காரர்களும் கடையநல்லூர்க்காரர்களும் "வளைகுடாவில் எல்லாரும் இப்படித்தானே இருந்தோம்" என்பார்கள். பெருமாள்புரத்திலும் மகாராஜ நகரிலும் காலேஜ் பிள்ளைகள் ஹால், மாடி ஷெட் எல்லாம் நிரம்பி இருப்பதைப் பார்த்த நமக்கும் இது பெரிய குற்றமாகத் தோன்றாது. நம் ஊர் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை எவ்வளவு நேரம் போடுகிறார்கள் என்பதைத் தவிர வேறெதையும் எண்ணுவதில்லை.

அங்கே அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். விதி மீறிய உரிமையாளருக்கு அபராதம் போடலாம், வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சோதனை என்ற பேச்சு வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், பதியாத ஆட்களை வெளியே அனுப்புவது. இரவு பத்து மணிக்கு இரண்டு பெட்டியோடு புளோக்கின் கீழே நிற்கிற பையனுக்கு எந்தக் காகிதமும் கிடையாது, அட்வான்ஸைத் திரும்பக் கேட்க வாயும் கிடையாது. பாஸ் வைத்திருக்கிறவருக்குப் பதிவான முகவரி என்பது பேங்க் கணக்கு முதல் அரசாங்கக் கடிதம்வரை எல்லாவற்றுக்கும் வேண்டும். வேறொருவர் முகவரியைக் கொடுத்துவிட்டு இங்கே படுப்பது இரண்டாவது தவறு. மாதம் நூறு இருநூறு வெள்ளி மிச்சத்துக்கு இது கட்டாது.

ஊரிலிருந்தே அட்வான்ஸ் அனுப்பச் சொல்கிற விளம்பரங்களுக்கும் இதே பதில். பாஸின் அசலைப் பார்க்காமல் பணம் வாங்குகிறவர், சட்டப்படி வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலையையே செய்யாதவர். சித்தி வீட்டு இரண்டு வாரம் இதற்குத்தான். அங்கே இறங்கி, பாஸ் கைக்கு வந்து, சிங்பாஸ் என்கிற அரசாங்க இணைய அடையாளக் கணக்குத் திறந்து, நாலு அறைகளை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துக்குப் பின், அந்த வீட்டில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று வீவக இணையச் சேவையில் நீங்களே பார்க்கலாம். வீட்டுக்காரர் "எல்லாம் செய்தாகிவிட்டது தம்பி" என்று சொன்னாலும் பாருங்கள்.

கொண்டோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தனியார் அடுக்குமாடி, நீச்சல் குளம், காவலாளி எல்லாம் இருக்கும். குறைந்தபட்ச வாடகைக் காலம் 3 மாதம்தான், ஒதுக்கீடும் கிடையாது. ஆள் வரம்பு அங்கேயும் 6. 90 சதுர மீட்டருக்குக் குறையாத வீடுகளுக்கு அதே தற்காலிக 8. முதல் வருடச் சம்பளத்தில் இது தேவையில்லாத ஆடம்பரம். நல்ல சம்பளத்தில் கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள், அறை வாடகையில் சமையலறைக்கு அனுமதி கேட்டு நிற்க விரும்பாதவர்கள், யோசிக்கலாம். அவர்களுக்கும் 3 அறை வீவக வீடு முழுதாகக் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வொர்க் பெர்மிட்டில், அதாவது எஸ் பாஸுக்குக் கீழ்நிலையில் உள்ள வேலை அனுமதியில், போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு பெரும்பாலும் பொருந்தாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் மற்றும் ரசாயன ஆலைப் பணி ஆகிய துறைகளில் மலேசியர் அல்லாத வொர்க் பெர்மிட்காரர்கள் வீவக வீட்டில் தங்கவே முடியாது. உற்பத்தித் துறையில் இருப்பவர்கள் முழு வீடு எடுக்க முடியாது. வொர்க் பெர்மிட்டில் எடுக்கிற முதலாளி, தங்க ஒழுங்கான இடம் தர வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் அது தொழிலாளர் விடுதியாக இருக்கும். 2021-ல் புதிதாகக் கட்டும் விடுதிகளுக்கு அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, தலைக்கு 4.2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தரம் வகுத்தார்கள். 4.2 சதுர மீட்டர் என்றால் ஒன்பதடிக்கு ஐந்தடி. பழைய விடுதிகளில் இதுவும் இருக்காது. ஆகவே கட்டுமான வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டிடம் சம்பளத்தோடு எந்த விடுதி, புதிதா பழையதா, அறைக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இந்திய உணவகச் சமையல்காரர்களை 2023 செப்டம்பர் முதல் வொர்க் பெர்மிட்டில் எடுக்க அனுமதித்திருக்கிறார்கள். பரோட்டா மாஸ்டராகப் போகிற தென்காசிப் பிள்ளைகள், தங்குமிடம் முதலாளி தருகிறாரா, சம்பளத்தில் பிடிப்பாரா, எவ்வளவு பிடிப்பார் என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எஸ் பாஸ் பையனுக்குத் திரும்பி வருகிறேன். இரவு ஷிப்ட் வேலை என்றால் பகிர்ந்த அறை வேண்டாம், காசு போனாலும் சின்னதாகத் தனி அறை. வேலை இடம் தீவின் ஒரு கோடி, சமையலுக்கு ஒத்துக்கொள்ளும் வீடு மறு கோடி என்றால் சமையல் வீட்டையே எடுக்கலாம். ரயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போய்விடலாம். கம்பெனியில் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்றால் ஒப்பந்தத்தையும் ஆறு மாதத்துக்கே போடுங்கள். வீட்டுக்காரர் ஒரு வருடம் கேட்பார். ஆறு மாதம் முடிந்து நீட்டிக்கலாம் என்ற ஷரத்தோடு பேசினால் பலர் இறங்கி வருவார்கள்.

வருடம் முடிந்து கூட்டு வீட்டுக்கு மாறுகிற நாளில், பழைய வீட்டுப் பதிவிலிருந்து பெயரை நீக்கச் சொல்லிக் கேட்டு, அதை இணையத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பெனியிலும் புது முகவரியைச் சொல்லிவிடுங்கள். அறையின் சுவர், ஏசி, மெத்தையைக் குடிபுகுந்த அன்று எடுத்து வைத்த படங்களோடு வீட்டுக்காரர் முன்னாலேயே ஒப்பிட்டுக் காட்டி, அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.